கெண்டை அடித்த வட்டம்

டொக்! டொக்!

பாறைகளுக்கு நடுவிலிருந்து சத்தம் வந்தது. மரக்கிளையில் குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்த மந்தி, "ஆரம்பிச்சாச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டது.

தட்டியது ஒரு கிழட்டு நீர்நாய். கையில் நத்தை ஓடு. எதிரே ஒரு பாறைக்குழி. கோடையில் ஆறு வற்றியபோது அந்தக் குழித் தண்ணீரில் ஒரு கெண்டை மீன் மாட்டிக்கொண்டது. நீர்நாய் அதைத் தின்னவில்லை. வளர்த்தது!

கருணை என்று நினைத்துவிடாதீர்கள். நீர்நாயைக் கண்டால் தவளை ஓடும், நண்டு ஓடும். அதன் புலம்பல் பொறுக்காமல் சொந்தக் கூட்டமே வேறு மடுவுக்குப் போய்விட்டது. தன்னைப் பார்த்து ஓடாத ஒரு ஜீவன் வேண்டும் என்று அதற்கு ஏக்கம். தேடித் தேடி, ஓட வழியே இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்தது!

ஆனாலும் உழைத்தது. ஆற்றில் மிஞ்சியிருந்த மடுவில் முங்கி எழுந்து, ஓடிவந்து, குழியின் மேல் நின்று உடம்பை உதறும். உரோமத்திலிருந்து சொட்டும் அந்தத் தண்ணீரால்தான் குழி வற்றாமல் இருந்தது. பிறகு ஓட்டால் தட்டிப் புழு போடும்.

"பார்த்தீர்களா!" என்று அன்றும் கூவியது. "என்னைக் கண்டதும் குழியைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டுத்தான் வருகிறான்! சந்தோஷக் கூத்து! என்னை நன்றாக அடையாளம் தெரிகிறது!"

பக்கத்துக் கொம்பில் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. "அண்ணாச்சி, மீனாவது அடையாளம் காண்பதாவது! அதுக்குத் தெரிஞ்சது புழு ஒண்ணுதான்!"

"என்னைத் தெரியும்!"

"தெரியாவிட்டால்?"

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடத் தெரிந்த வாயாக இருந்தால் கூட்டம் ஏன் விட்டுப் போகிறது?

"தெரியாவிட்டால் நீயே கொத்திக்கொண்டு போ! தெரிந்தால், மழை வரும்வரை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது!"

"மந்தி சாட்சி! மந்தி தட்டினாலும் வருதான்னு பார்ப்போம்!" என்று மீன்கொத்தி உடனே பிடித்துக்கொண்டது.

நீர்நாய் ஒரு பாறைக்குப் பின்னால் ஒளிந்தது. மந்தி இறங்கி வந்து நத்தை ஓட்டை எடுத்துத் தட்டியது. டொக்! டொக்!

கெண்டை நேராக மேலே வந்தது. வாயைத் திறந்தது. மந்தி போட்ட புழுவை விழுங்கியது.

மீன்கொத்தி அலகைக் கிளையில் தீட்டியது. நீர்நாயின் மீசை தொங்கிப்போனது. "அடப்பாவி! நானும் குரங்கும் ஒன்றா?"

"குரங்கு என்றால் அவ்வளவு இளக்காரமா?" என்று மந்தி சீறியது. உடனே எதையோ யோசித்து, பாயப்போன மீன்கொத்தியைக் கை நீட்டித் தடுத்தது. "பொறு! நான் தட்டினேன், நேராக வந்தது. அண்ணாச்சி தட்டினால் மட்டும் வட்டம் அடிக்கிறதே, ஏன்? ஏ கெண்டை, இவரை உனக்குத் தெரியுமா?"

பாறைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்த நீர்நாயைக் கண்டதும் கெண்டை சட்டென்று ஒரு வட்டம் அடித்தது.

"தெரியாமலா? இடது காதில் பிளவு. மேல் பல்லில் ஒன்று இல்லை. மருத மரத்தடி மடுவில் என் அண்ணனைத் தின்றது இந்த மூஞ்சிதானே! வாலை மட்டும் என் முன்னால் துப்பினார்! மறக்குமா?"

"அப்போ அந்த வட்டம்?" என்றது நீர்நாய் மெதுவாக.

"வெளியே போக எங்காவது வழி இருக்கிறதா என்று பார்ப்பேன், ஐயா! இருக்காது. பசிக்கும். வந்துவிடுவேன்."

சத்தம் கேட்டு நண்டுகளும் தவளைகளும் கூடிவிட்டன. மந்தி தொண்டையைக் கனைத்தது. "அண்ணாச்சி, இதன் அண்ணனைத் தின்றது நீர்தானா? ஆமாம் என்றால் மீன் உம்மை அறியும், ஜெயித்தீர். இல்லை என்றால் மீன்கொத்திக்குச் சாப்பாடு!"

நீர்நாய் எல்லாரையும் பார்த்தது. குழிக்குள் பார்த்தது. கெண்டை அடியில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது.

"நான்தான்" என்றது. "வாலைத் துப்பியதும் நான்தான். முள் அதிகம்."

மீன்கொத்தி முணுமுணுத்துக்கொண்டே பறந்து போனது.

நீர்நாய்க்குத் திடீரென்று சிரிப்பு வந்தது. "என் மேல் உயிரையே வைத்திருக்கிறான் என்று ஊரெல்லாம் சொன்னேன்! கடைசியில் என் மேல் வழக்குப் போட வேண்டியவனுக்குப் புழு போட்டு வளர்த்திருக்கிறேன்!" சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பிறகு குனிந்து கேட்டது: "உன்னை ஆற்று மடுவிலேயே விட்டுவிடட்டுமா?"

"எதில் வைத்துக் கொண்டுபோவீர்?"

"வாயில்தான்..."

"ஐயா, மழையே வரட்டும்!"

மந்தி விழுந்து விழுந்து சிரித்தது. தன் வாயைப் பற்றி நீர்நாய்க்கும் தெரியும்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குழியில் தண்ணீர் ஒரு விரல் இறங்கியிருந்தது. நீர்நாய் நத்தை ஓட்டைத் தூர வைத்தது. மடுவுக்குப் போய் முங்கி எழுந்து வந்து, கெண்டை பார்த்துப் பயப்படாதபடி முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, குழியின் மேல் உடம்பை உதறியது. மறுபடி மடுவை நோக்கி நடந்தது.

நம்மை ஒருவருக்குத் தெரியும் என்று பெருமைப்படும் முன், என்னவாகத் தெரியும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.