டூரிட் டீச்சரின் முதுகு

"டீச்சர், இந்தத் தடவையாவது நீங்களே ஒதுங்கிக்கக் கூடாதா?"

ஒட்வார் கேட்டேவிட்டார். இதைக் கேட்க அவருக்கு நாலு வருஷம் பிடித்தது.

நார்வேயின் வடக்கே ஒரு மலையூர். அங்கே பனிச்சறுக்குச் சங்கத்தின் தலைவி டூரிட். பதினோரு வருஷம் பந்தயம் ஓடினார், நாட்டுக்கே முதலாவதாக. அப்புறம் இருபது வருஷம் கோச். அப்புறம் பதினாறு வருஷமாகத் தலைவி நாற்காலி.

ஒட்வார் அவரிடம் ஓடக் கற்றவர். கோச் வேலையையும் அவரிடமே கற்றவர். ஐம்பது வயது. பிள்ளைகளை அதட்டினால் பக்கத்து ஊருக்குக் கேட்கும். டீச்சர் முன்னால் மட்டும் குரல் தொண்டையைத் தாண்டாது.

"நான் ஏன் ஒதுங்கணும்?"

"பனி இப்பல்லாம் ஜனவரியிலதான் விழுது. நீங்க இன்னும் நவம்பர்லயே பந்தயம் வைக்கிறீங்க. போன வருஷம் ஒன்பது ரத்து. பிள்ளைங்க ஃபுட்பால் ஆடப் போயிட்டாங்க. இன்னும் நாலு வருஷம் இப்படியே போனா, சங்கத்தில நீங்களும் நானும்தான் மிச்சம்."

"அப்ப நீ தேர்தல்ல நில்லேன்."

"அதான்... உங்க சம்மதம்..."

வேட்புமனு ஒட்வாரின் சட்டைப்பையில் இருந்தது. ஏரிக்கரை ஆபீஸில் இன்று பகல் பன்னிரண்டுக்குள் கொடுத்தாக வேண்டும். ஒரு நிமிஷம் தவறினாலும் போட்டியே இல்லை. மறுபடி டூரிட்தான்.

டூரிட் சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, ஊன்றுகம்புகளை எடுத்தார்.

"நானும் ஏரிக்கரைக்குத்தான் போறேன். வா, போறப்போ சொல்றேன்."

மணி பதினொன்று இருபது.

காட்டுக்குள் ஒரே ஒரு தடம். பனியில் பலகை போகிற அளவுக்கு இரண்டு பள்ளக் கோடு, அவ்வளவுதான். வெளியே கால் வைத்தால் இடுப்புவரை பனி.

டூரிட் முன்னால். ஒட்வார் பின்னால்.

டூரிட் போனாரே ஒரு போக்கு! கல்யாணச் சாப்பாடு முடித்து, வெற்றிலையை மென்றுகொண்டு நடக்கிற மாதிரி.

"டீச்சர், சம்மதமா?"

"அந்த மரத்தைப் பாரு. என்ன உயரம்!"

பதினொன்று முப்பத்தைந்து.

"கொஞ்சம் வேகமாப் போகலாமா, டீச்சர்?"

"எனக்கு இந்த வேகம் சுகமா இருக்கு."

ஒட்வார் சத்தமில்லாமல் ஓரமாகத் தாண்டிவிடப் பார்த்தார். பொத்தென்று தொடைவரை புதைந்தார்.

டூரிட் திரும்பவில்லை. "என்னமோ விழுந்த மாதிரி இருந்துச்சே?"

"நான்தான், டீச்சர்."

"பார்த்து வா."

தட்டுத்தடுமாறி ஏறி, மூச்சிரைக்கப் பின்னால் வந்து சேர்ந்தார். கோபம் வந்துவிட்டது.

"பின்னால ஒருத்தன் தவிக்கிறது உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"எப்படித் தெரியும்? ஓடுறப்போ முன்னால போறவ முதுகைப் பார்த்தேன். கோச்சா இருந்தப்போ கடிகாரத்தைப் பார்த்தேன். தலைவியானதிலேருந்து எல்லாரும் முன்னால வந்து சிரிச்சிட்டு நிக்கிறாங்க. பின்னால நடக்கிறதைப் பார்க்க எனக்கு முதுகிலயா கண்ணு இருக்கு?"

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் காட்டைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"வழி!"

ஊர்ப் பல் டாக்டர். குண்டு அம்மாள். மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு சுற்று முடித்துவிடுகிற அவசரம்.

தடத்தின் சட்டம் அது. பின்னால் வருகிறவர் கத்தினால், முன்னால் போவது ராஜாவே ஆனாலும் இறங்கி நிற்க வேண்டும். கத்தாவிட்டால் இறங்க வேண்டியதில்லை.

ஒட்வார் இறங்கினார். டூரிட்டும் சட்டென்று பனிக்குள் குதித்தார். யார் என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டர் அம்மாள் ஒரு தாங்க்ஸ்கூடச் சொல்லாமல் பறந்தாள்.

டூரிட் மறுபடி தடத்தில் ஏறினார். மறுபடி முன்னால். மறுபடி அதே வெற்றிலை நடை.

ஒட்வார் நின்ற இடத்திலேயே நின்றார்.

முப்பத்தாறு வருஷம் இந்த முதுகுக்குப் பின்னாலேயே வந்திருக்கிறார். ஒரு நாள்கூட அந்த ஒரு வார்த்தையைக் கத்தியதில்லை. சங்கத்தில் வேறு யாரும்கூடத்தான். மரியாதையாம்!

பதினொன்று நாற்பத்தெட்டு. பாதித் தூரம் பாக்கி. நல்லவேளை, இனி எல்லாம் இறக்கம்.

விரட்டிப் போய்ப் பின்னால் ஒட்டினார். தொண்டையைக் கனைத்தார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு சின்ன..."

டூரிட் ஏதோ பாட்டை முணுமுணுத்தார்.

"டீச்சர், தயவுசெஞ்சு..."

பாட்டு இரண்டாம் அடிக்குப் போனது.

"வழி!"

கிளைகளிலிருந்த பனி பொலபொலவென்று கொட்டியது. கத்தியது தானா என்று ஒட்வாரே அரண்டுபோனார்.

டூரிட் குதித்தார். அறுபத்தேழு வயதுக் குதியா அது! குல்லாய் ஒரு பக்கம் பறந்தது. கம்பு ஒரு பக்கம் பறந்தது. இடுப்புவரை பனி.

ஒட்வார் அம்பு மாதிரி கடந்தார். பத்தடி போனதும் மனசு கேட்கவில்லை. நின்றார். திரும்பினார்.

"அடி கிடி பட்டுச்சா, டீச்சர்?"

டூரிட் அதற்குள் கம்பைப் பிடுங்கிக்கொண்டு தடத்தில் ஏறியிருந்தார், இப்போது அவருக்குப் பின்னால். முகமெல்லாம் பனி, முகமெல்லாம் சிரிப்பு. முழங்காலை மடித்து, பந்தயத்துக்கு நிற்கிறவர் மாதிரி குனிந்து நின்றார்.

"தடத்துக்கு நடுவுல நின்னு என்னடா குசலம் விசாரிக்கிற? ஓடு! தேங்கினா நான் கத்துவேன்."