ஷமீமாவின் ‘ச’

ஆரோக்கியதாஸ் தலை நரைக்கும்வரை கோயில் கொடைகளுக்கும் கட்சிக் கூட்டங்களுக்கும் மைக் செட் போட்டவர். பதிவான குரலையும் வாத்தியங்களையும் இழைத்துப் பாட்டாக்கும் மிக்ஸிங் வேலையைக் கற்க வேண்டும் என்ற ஆசையில், சாலிகிராமத்தில் பூங்கொடியின் ஸ்டுடியோவுக்கு வந்து சேர்ந்தார். பூங்கொடிக்கு அவர் மகள் வயது. ஆனால் ஒரு பாட்டைக் கேட்டே, பாடியவர் நின்று பாடினாரா உட்கார்ந்து பாடினாரா என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுக்காகவே ஆரோக்கியதாஸ் அவரை மேடம் என்று அழைத்தார். பூங்கொடி அவரை அண்ணே என்றார்.

ஒரு நாள் காலை பூங்கொடி அவரிடம் ஒரு பாட்டைக் கொடுத்தார். ஷமீமா என்ற புதுப் பாடகி தனியாகப் பாடிய முதல் சினிமாப் பாட்டு.

“சாரல் வீசும் சாலையோரம் சற்றே நில்லேன்.”

குரல் நன்றாக இருந்தது. இன்னும் பளிச்சென்று கேட்கட்டும் என்று ஆரோக்கியதாஸ் அதன் கூர்மையை ஏற்றினார். ‘ச’ வரும் இடமெல்லாம் ஊசி போல் காதில் ஏறியது.

“மேடம், இந்த ‘ச’வை எவ்வளவு குறைக்கணும்?”

“கேட்டுப் பாருங்கண்ணே. வெளியே போயிட்டு வந்திடறேன்.”

அவர் போனபின் ஆரோக்கியதாஸ் டி-எஸ்ஸரைப் போட்டார். ‘ச’ வரும்போது மட்டும் குரலை அமுக்கும் மென்பொருள் அது. கொஞ்சம் அமுக்கினார். இன்னும் குத்தியது. மேலும் அமுக்கினார். கடைசியில் பாட்டு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அவருக்குப் பெருமையாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஷமீமா வந்தார். ஆரோக்கியதாஸ் ஆசையாகப் போட்டுக் காட்டினார்.

ஷமீமாவின் முகம் மாறியது.

“இன்னொரு தடவை போடுங்க.”

போட்டார்.

“தாரல் வீதும் தாலையோரம்னு கேக்குது” என்றார் ஷமீமா. “நான் இப்படியா பாடினேன்?”

ஆரோக்கியதாஸுக்கும் இப்போதுதான் அது கேட்டது.

“சின்னப் பிள்ளையில எனக்கு ‘ச’ வராது சார். என் பேரையே தமீமான்னுதான் சொல்லுவேன். கிளாஸே சிரிக்கும். பல்லுக்கு முன்னாடி ஒரு ஸ்ட்ராவைப் பிடிச்சு, காத்து அதுக்குள்ள மட்டும் போற மாதிரி ஊதி ஊதிப் பழகினேன். ஸ்கூல் முடிக்கிறவரைக்கும் தினம் அதான் வேலை. போயிடுச்சுன்னு நினைச்சேன்.”

“அம்மா, நீங்க சரியாத்தான் பாடியிருக்கீங்க. நான்தான் மெஷின்ல…”

“ஆறுதலுக்குச் சொல்லாதீங்க.” ஷமீமா கைப்பையை எடுத்துக்கொண்டார். “மியூசிக் டைரக்டர்கிட்ட நானே சொல்லிடறேன். வேற யாரையாவது பாட வைக்கட்டும்.”

கதவைத் திறந்தபோது எதிரே பூங்கொடி நின்றார். ஆரோக்கியதாஸ் எதையும் மறைக்காமல் சொன்னார். பூங்கொடி அவரைத் திட்டவில்லை. ஷமீமாவைத் தம் நாற்காலியில் உட்கார வைத்து, டி-எஸ்ஸரை நிறுத்திவிட்டு, குரலை மட்டும் ஓட விட்டார்.

சாரல் வீசியது. காது கூசியது.

“கிழிக்குதே” என்றார் ஷமீமா.

“ஆமா. இந்த ‘ச’ யாருது?”

ஷமீமா கண்ணை மூடிக் கேட்டார்.

“என்னுது.”

“அப்ப உட்காருங்க. சேர்ந்து பண்ணுவோம்.”

ஆரோக்கியதாஸ் ஏற்றி வைத்திருந்த கூர்மையைப் பூங்கொடி முதலில் இறக்கினார். பாதி ஊசி அதிலேயே போய்விட்டது. பிறகு ஒவ்வொரு ‘ச’வாகத் தேடிப்போய், அந்த இடத்தில் மட்டும் சத்தத்தைக் கையாலேயே தணித்தார். ஒன்றுக்குக் குறைத்த அளவை இன்னொன்றுக்குக் குறைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின் ஷமீமாவைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையாட்டிய பிறகே அடுத்ததற்குப் போனார். ஆரோக்கியதாஸ் சாப்பிடப் போகாமல் பின்னால் நின்று பார்த்தார். இத்தனை வருடத்தில் ஒரு எழுத்துக்கு யாரும் இவ்வளவு மரியாதை கொடுத்து அவர் பார்த்ததில்லை.

முழுப் பாட்டும் ஓடியது. ‘ச’ எல்லாம் ‘ச’வாகவே இருந்தன. காது கூசவில்லை. ‘சற்றே’ வந்த இடத்தில் மட்டும் ஒரு சின்ன முள் தெரிந்தது.

ஷமீமா அந்த இடத்தில் சிரித்தார். “அனுப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுப் பாடிக்கொண்டே படியிறங்கினார்.

கதவு சாத்தியதும் ஆரோக்கியதாஸ் மவுஸைத் தொட்டார்.

“மேடம், ‘சற்றே’ இன்னும் லேசாக் குத்துது. எடுத்திடவா?”

“குத்தட்டும்ணே. அது அவங்க சம்பாதிச்சது.”