கருகிய முனை

பெல்சியாவின் இரும்புப் பட்டறைக்கு வேலை கற்க வந்தபோது சவரிமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மேஸ்திரி பெல்சியாவுக்கு முப்பத்தாறுதான். தூத்துக்குடியில் தெரிந்தவர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், மனுஷனுக்குக் கவலை வேறு.

போன ஐப்பசிக் காற்றில் அவர் மகள் மெட்டில்டா வீட்டுப் போர்டிகோ சரிந்து விழுந்தது. அடியில் நின்ற மருமகன் எழுந்திருக்கவே இல்லை. முறையாக வேலை கற்காமலே அந்தப் போர்டிகோவைப் போட்டுக் கொடுத்தவர் சவரிமுத்துதான்.

"புதுசையும் நீங்களே போட்டுத் தாங்கப்பா" என்று மகள் சொன்ன மறுநாளே அவர் பெல்சியாவிடம் வந்து நின்றார்.

புதுப் போர்டிகோவின் நாலு தூண்களும் இரும்பு. அதன்மேல் வெள்ளை வினைல் உறை.

"உறை கருகாம எப்படி வெட்டுறது மேஸ்திரி?"

பெல்சியா ஒரு தூணை எடுத்து வைத்தாள். வெட்டவேண்டிய இடத்தில் டேப்பைச் சுற்றி ஒட்டினாள். அதன் ஓரமாகவே கத்தியை ஓட்டி, நாலு பக்கமும் உறையை மட்டும் கீறினாள். பிறகு ஹாக்ஸா என்கிற கை ரம்பத்தால், தூணைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு பக்கமாக அறுத்தாள். அரத்தால் பிசிறு எடுத்து, வெட்டின வாயில் துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு பெயிண்ட் பூசினாள். முக்கால் மணி நேரம் ஆனது.

இரண்டாவது தூணை சவரிமுத்து அப்படியே வெட்டினார். மூன்றாவதுக்குக் கை கடுத்தது. மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தாள். கட்டிங் மெஷினை எடுத்து வைத்தார். ஒரே நிமிஷம்தான். உறை உருகிக் கருகிச் சுருண்டது. நாற்றம் பட்டறை முழுக்க நின்றது.

திரும்பி வந்தவள் முனையைப் பார்த்தாள்.

"கான்கிரீட்டுக்குள்ள போற பக்கம்தானே மேஸ்திரி. யார் கண்ணுக்குத் தெரியப் போகுது?"

அவள் பின்பக்கம் போய் ஒரு பழைய தூணை இழுத்துக்கொண்டு வந்தாள். விழுந்த போர்டிகோவின் தூண். அளவு பார்க்கக் கொண்டுவந்தது. வெளியே உறை புதுசாட்டம் பளபளத்தது. அடியிலிருந்து ஒரு முழத்துக்கு அந்த உறையைக் கத்தியால் கிழித்தாள். செந்தூள் பொலபொலவென்று கொட்டியது. உள்ளே இரும்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. அடி ஓரத்தில் உறை கருகிச் சுருண்டு, தண்ணீர் இறங்க இடுக்கு விட்டிருந்தது.

"இதை வெட்டுனது யாரு அண்ணாச்சி?"

சவரிமுத்து அந்தக் கருகின ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"நான்தான், பாவி. அன்னைக்கும் யார் கண்ணுக்குத் தெரியப் போகுதுன்னுதான் சொல்லிக்கிட்டேன். காத்து தள்ளிடுச்சுன்னு ஊரே சொல்லுது. என் மகளும் அதைத்தான் நம்புறா."

வெகுநேரம் அழுதார்.

கருகின தூணை ஒதுக்கிவிட்டு வேறு தூண் எடுத்தார். மறுநாள் மதியத்துக்குள் நாலும் முடிந்தன. ஒரு முனையில்கூட உறை கருகவில்லை.

"இனி சாகுற வரைக்கும் இப்படித்தான் வெட்டுவேன் மேஸ்திரி. அது போதாதா?"

பெல்சியா லோடு ஆட்டோவின் பின்கதவை இறக்கினாள்.

"அந்தப் பழைய தூணையும் ஏத்துங்க அண்ணாச்சி. உங்க மக வாசல்ல அதைத்தான் மொதல்ல இறக்கணும். புதுசை இறக்கலாமா வேண்டாமான்னு அப்புறம் அவ சொல்லட்டும்."