ஆள்காட்டி ஏன் வணக்கம் சொல்வதில்லை

பறவையும் விலங்கும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பேச ஆரம்பித்தால் யாரும் லேசில் நிறுத்த மாட்டார்கள்.

ஒரு குளத்துக்கு ஆள்காட்டிக் குருவிதான் காவல். நரி வந்தால் கத்திச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அங்கே ஒரு வழக்கம். எதைச் சொல்வதானாலும் முதலில் எல்லாரையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் அவர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார்.

ஒரு மழைக்காலத்தில் நரி வந்தது. ஆள்காட்டி ஆரம்பித்தது:

"குளத்தின் தலைவர், நெடுங்கால் வேந்தர் நாரையார் அவர்களே, ஓடு சுமந்த உத்தமர் ஆமையார் அவர்களே, திரளாக வந்திருக்கும் தவளைப் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கத்தைத் தெரிவித்துக்கொண்டு, மேற்கு மேட்டின் வழியாக நம்மை நோக்கி நடந்து வந்துகொண்டிருக்கிற நரியானது..."

நரி வந்தே விட்டது. ஆள்காட்டியின் முட்டை ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

மரத்துக்குப் பறந்து தப்பித்த நாரை, "அருமையான பேச்சும்மா" என்றது.

அடுத்த மழைக்கு ஆள்காட்டி மறுபடி முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தது. அதற்குக் கூடெல்லாம் கிடையாது, வெறும் தரைதான். நரியும் மறுபடி வந்தது.

ஆள்காட்டி இந்தத் தடவை யார் பெயரையும் சொல்லாமல் கத்தியது:

"நரி! மேடு! குஞ்சு!"

குஞ்சுகளுக்கு என்ன புரியும்? மேட்டைப் பார்த்து ஓடின. நரி நின்றதே அங்கேதான்.

ஆமை தலையை நீட்டியது. "ஏம்மா, நரி மேட்டுல இருக்கா, இல்ல நாம மேட்டுக்குப் போகணுமா? முழுசாச் சொல்லித் தொலையேன்!"

"முழுசான்னா என் பேர்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்றது நாரை.

ஆள்காட்டி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நரி மேட்டுல நிக்குது. பிள்ளைங்களா, அங்கேயே படுங்க!"

குஞ்சுகள் படுத்துவிட்டன. மண் நிறம், கல் நிறம். மூச்சுக்கூட விடவில்லை. நரி கிட்டே வந்தது, சுற்றிலும் பார்த்தது, கல் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டது.

"தலைவரை மதிக்காத உனக்குக் காவல் வேலை எதுக்கு? கிளம்பு" என்றது நாரை.

"சரிங்க" என்றது ஆள்காட்டி. குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வெட்டவெளிக்குப் போய்விட்டது.

அன்றிலிருந்துதான், எவ்வளவு பெரிய மனிதர் அந்தப் பக்கம் வந்தாலும் ஆள்காட்டி எடுத்த எடுப்பிலேயே கத்துகிறது. அது கத்தியதும் குஞ்சுகள் இருந்த இடத்திலேயே படுத்துவிடுகின்றன.