சபை முழுக்க ஓட்டாஞ்சில்லு

வல்லிக்கோட்டை ராஜா விஜயரங்க பூபதிக்கு இங்கிலீஷ் பைத்தியம் பிடித்திருந்தது. சும்மா படித்துவிட்டுப் போயிருந்தால் யாருக்கும் வம்பில்லை. தினம் ஒரு வினைச்சொல் கற்பார். கற்றதைச் சபையில் செய்து பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். 'கார்கிள்' வந்த அன்று சபை முழுக்க வெந்நீரை வாயில் விட்டுக்கொண்டு தொண்டை கொப்பளித்தது. 'சாமர்சால்ட்' வந்த அன்று பெரிய மனிதர்களெல்லாம் குட்டிக்கரணம் போட்டார்கள். ராஜாவுக்கு அடுத்த பதவியில் இருந்த தானாபதி உலகநாத பிள்ளை போட்ட கரணத்தில் தலைப்பாகை ஒரு பக்கம் போனது, ஆள் ஒரு பக்கம் போனார்.

"தலைப்பாகை மட்டும் கரணத்தைச் சரியாப் போட்டுடுச்சு மகாராஜா!" என்றான் விகடகவி பொன்னுரங்கம். சபை சிரித்தது. தானாபதி சிரிக்கவில்லை.

அவர் பழிவாங்க நாள் பார்த்தார். ராஜாவுக்குப் பாடம் சொல்லும் பெல்லமி துரையைப் பிடித்து, ஆளை ஊரை விட்டே அனுப்புகிற ஒரு சொல்லாகப் பார்த்துச் சொல்லிக் கொடுக்க வைத்தார். மறுநாள் ராஜா உற்சாகமாக வந்தார்.

"இன்னைக்குச் சொல் 'ஆஸ்ட்ரசைஸ்'! ஊரை விட்டே ஒருத்தரை விலக்கி வைக்கிறதுன்னு அர்த்தம். எப்படி வந்துச்சுன்னு துரை, நீங்களே சொல்லுங்க."

"அந்தக் காலத்திலே கிரேக்க தேசத்து ஏதென்ஸ் பட்டணத்திலே உடைஞ்ச பானை ஓட்டுக்கு 'ஆஸ்ட்ரகான்'னு பேர்," என்றார் துரை. "வேண்டாத ஆளோட பேரை ஜனங்க அந்தச் சில்லிலே எழுதிப் போடுவாங்க. யார் பேர் அதிகமோ அவர் பத்து வருஷம் ஊர்ப்பக்கம் வரக் கூடாது."

"ஆகா! நாளைக்கே செஞ்சு பார்த்துடுவோம்!" என்றார் ராஜா.

அன்று தானாபதி வீட்டில் சபையோருக்கெல்லாம் விருந்து. பொன்னுரங்கத்துக்கு மட்டும் அழைப்பில்லை. பாயசம் குடித்த வாய்களெல்லாம் அவன் பெயரையே எழுதுவதாகச் சத்தியம் செய்தன. செய்தி பொன்னுரங்கத்துக்கு எட்டியது. வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். பிறக்கிற பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகா அப்பன் முகத்தைப் பார்ப்பது? ஊரைச் சிரிக்க வைக்கிறவனுக்கும் அழுகை வரும். அன்று வந்தது.

மறுநாள் சபையில் ஆளுக்கொரு ஓட்டாஞ்சில்லும் கரித்துண்டும் கொடுத்தார்கள். ராஜாவும் ஒன்றை எடுத்துக்கொண்டார். பொன்னுரங்கம் எழுந்தான்.

"ஒரு சந்தேகம் மகாராஜா. அந்தப் பட்டணத்திலே வெளியே போனவரோட வீடு வாசல் என்ன ஆகும்?"

துரை பதில் சொன்னார். "அதைத் தொட மாட்டாங்க. நிலபுலம், வருமானம் எல்லாம் அவருக்கே. அவமானமும் கிடையாது."

"செய்யறதைத் திருந்தச் செய்யணும். நம்ம ஊரிலேயும் அப்படித்தானே மகாராஜா?"

"அப்படியேதான்! போறவருக்குப் பத்து வருஷச் சம்பளமும் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேரும்," என்றார் ராஜா.

சபையோர் மனசுக்குள் கணக்குப் போட்டார்கள். ஒருவருக்குக் காசி நினைவு வந்தது. ஒருவருக்குக் குற்றாலச் சாரல் நினைவு வந்தது. தொண்டை கொப்பளிக்க வேண்டாம், கரணம் போட வேண்டாம் என்ற நினைவு எல்லோருக்கும் வந்தது. தானாபதி தம் இடுப்பைத் தடவிக்கொண்டார். பிறகு அடுத்தவர் பார்த்துவிடாமல் கையை மறைத்துக்கொண்டு எல்லோரும் எழுதினார்கள்.

ராஜா ஒவ்வொரு சில்லாக எடுத்துப் படித்தார். "உலகநாத பிள்ளை, ஒண்ணு. சேனாபதி, ஒண்ணு. பொக்கிஷதார், ஒண்ணு..." யாருக்கும் ரெண்டாவது விழவே இல்லை. ராஜா கையெழுத்துகளை உற்றுப் பார்த்தார்.

"என்னய்யா இது? அவங்கவங்க பேரை அவங்கவங்களே எழுதியிருக்கீங்க!"

சத்தியம் செய்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"பொன்னுரங்கம், உன் பேரையே காணோமே. உன் சில்லு எங்கே?"

அவன் நீட்டிய சில்லில் ஒன்றும் இல்லை. "வீட்டிலே நிறைமாசம். எனக்குப் போக மனசில்லை மகாராஜா. மத்தவங்களை நான் எதுக்கு அனுப்பணும்? அவங்களேதான் கிளம்பிட்டாங்களே!"

ராஜா கையில் இன்னும் ஒரு சில்லு மிச்சமிருந்தது. அதை அவர் மெல்ல மடியில் செருகப் பார்த்தார். பொன்னுரங்கம் எட்டிப் பார்த்துவிட்டான். 'விஜயரங்க பூபதி' என்று ராஜாவின் கையெழுத்திலேயே இருந்தது.

"பத்து வருஷம், சம்பளத்தோட..." என்று அசடு வழிந்தார் ராஜா. "எனக்கு மட்டும் ஆசை இருக்காதாடா?"

பொன்னுரங்கம் கைகூப்பினான். "தாராளமா இருக்கட்டும் மகாராஜா. ஆனா நீங்களும் போயிட்டா, நாங்கெல்லாம் யார்கிட்ட லீவு கேட்கிறது?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். பிள்ளை பிறந்து பெயர் வைக்கிறவரைக்கும் பொன்னுரங்கத்துக்குச் சம்பளத்தோடு லீவு என்று சிரிப்பு அடங்குவதற்கு முன்பே உத்தரவு போட்டார்.