வாய் நனைத்த அந்துப்பூச்சி

அந்தக் காலத்தில், பறப்பன ஊர்வன எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், தென் அமெரிக்கப் பெருங்காட்டில் தபரா என்று ஓர் அந்துப்பூச்சி இருந்தாள். உள்ளங்கை அகலத்துக்கு இறக்கை, மழையில் நனைந்த மரப்பட்டையின் நிறம். அழகி என்று அவளை யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் வாய் என்றால் அவள் வாய்தான். கம்பிச்சுருள் போலச் சுருட்டி வைத்திருப்பாள். நீட்டினாள் என்றால் எவ்வளவு ஆழமான பூவானாலும் அடியில் கிடக்கும் தேன் மேலே வந்துவிடும். பேச்சும் அப்படித்தான், பதமாக இருக்கும். அதனால் காட்டில் யாருக்குச் சேதி அனுப்ப வேண்டுமென்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

சேதி சொல்வதற்கு அந்தக் காட்டில் ஒரு முறை இருந்தது. தூது போனவர் வந்து இறங்கியதும், வீட்டுக்காரர் தித்திப்பாக எதையாவது முன்னால் வைப்பார். நல்ல சேதி என்றால் தூது வந்தவர் முதலில் வாய் நனைப்பார், பிறகுதான் பேசுவார். கெட்ட சேதி என்றால் பச்சைத் தண்ணீர்கூடத் தொடக் கூடாது. நம் ஊரில் சம்பந்தம் முடிவாகும் முன் பெண் வீட்டில் கை நனைக்கமாட்டார்கள் அல்லவா, அந்த மாதிரிதான். இழவுச் சேதியை வாய்விட்டுச் சொல்வதும் கேட்பதும் எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்த யாரோதான் இந்த முறையைக் கொண்டுவந்திருக்க வேண்டும். வைத்த தேன் வைத்தபடி இருந்தால் வீட்டுக்காரருக்குப் புரிந்துவிடும். வாய் பொய் சொல்லலாம், வாய் நனைத்தது பொய் சொல்லாது என்பது அங்கே சின்னக் குஞ்சுக்கும் தெரியும்.

ஆற்றோரத்து இலவமரப் பொந்தில் அராரி என்கிற பஞ்சவர்ணக்கிளி குடியிருந்தாள். புருஷன் செத்துப்போய் ஆறு மாசம். ஒரே பிள்ளை யாக்கு. அந்த வருஷம்தான் பறக்கக் கற்றவன். ஆற்றின் மேல்கரையில் ஒரு மண்மேடு உண்டு. கிளிகள் கூட்டமாகப் போய் அந்த மண்ணைத் தின்று வரும், வயிற்றுக்கு நல்லதென்று. ஒருநாள் அப்படிப் போன கூட்டம் திரும்பியது, யாக்கு திரும்பவில்லை.

மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. மழை இறங்கினால் ஆறு காட்டுக்குள் ஏறிவிடும். தாழ்ந்த காட்டில் மாதக் கணக்கில் ஒரு பழம் இருக்காது. கிளிக்கூட்டம் முழுதும் மேட்டுக் காட்டுக்குப் போய்விடும், போகாதவர் பட்டினிதான். அராரியின் கொழுந்தன் தூகாதான் கூட்டத்துக்குத் தலைவன். அவன் வந்து கிளம்பச் சொன்னான். அவள் அசையவில்லை.

"அவன் இருக்கானா இல்லையான்னு தெரியாம நான் எப்படி வருவேன், தம்பி? இருக்கான்னா இங்கதான் தேடி வருவான். இல்லைன்னு தெரிஞ்சா, உங்க பின்னாலயே வந்துடறேன். நான் இங்க உக்காந்து என்ன பண்ணப்போறேன்?"

நியாயமான பேச்சுதான். தூகா தபராவைக் கூப்பிட்டு அனுப்பினான்.

தபரா இரண்டு நாள் பறந்தாள். தூது போகிறவர் வழியில் சாப்பிடக் கூடாது என்பதும் முறை. வெறும் வயிற்றோடு மண்மேட்டை அடைந்தாள். கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஆமை அவளைப் பார்த்ததுமே தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கெஞ்சிக் கேட்ட பிறகு வெளியே நீட்டியது.

"சின்னப் பையன்தானே? கழுத்துல மஞ்சள் இன்னும் முழுசா ஏறலையே, அவன்தானே? பெரிய கழுகு தூக்கிட்டுப் போயிருச்சும்மா. என் கண்ணு முன்னால. அம்மான்னு ஒரே ஒரு தடவை கத்தினான்."

மேட்டுக்குக் கீழே நீல இறகு ஒன்று சேற்றில் கிடந்தது. தபரா அதைத் தூக்கப் பார்த்தாள். அவளைவிட அது நான்கு மடங்கு நீளம். விட்டுவிட்டுக் கிளம்பினாள். சேதியென்று கொண்டுபோக அவள் வாயைத் தவிர வேறொன்றும் இல்லை.

இலவமரத்தை அவள் அடைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கூட்டம் முழுதும் கிளைகளில் உட்கார்ந்திருந்தது. அராரி ஒரு பட்டைத் துண்டில் பூந்தேன் பிழிந்து வைத்திருந்தாள். எத்தனை பூவைக் கிள்ளியிருப்பாளோ, அந்த மொத்தை அலகால் தேன் எடுப்பது லேசான காரியமா?

"வந்துட்டியா தங்கச்சி," என்றாள். தேனை அலகால் மெல்ல முன்னால் தள்ளினாள். "போக வர நாலு நாளாப் பட்டினி கிடந்திருப்பே. வாய் நனைச்சுக்கோம்மா."

தபரா தேனைப் பார்த்தாள். அராரியைப் பார்த்தாள். அந்தக் கண் அவள் வாயைவிட்டு நகரவே இல்லை. ஒரு நொடி சும்மா இருந்திருந்தால் போதும், முறை தன் வேலையைச் செய்திருக்கும். அராரி அழுதிருப்பாள், அலறியிருப்பாள், மறுநாள் கூட்டத்தோடு போயிருப்பாள். அந்த ஒரு நொடியைத்தான் தபராவால் தாங்க முடியவில்லை. சுருள் பிரிந்து வாய் தேனில் இறங்கியது. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள், அதுவா? அந்தத் தாயின் முகம் உடைவதைப் பார்க்க மாட்டாமையா? எனக்குத் தெரியாது. அவளுக்கும் கடைசிவரை தெரியவில்லை. ஒரே ஒரு மிடறுதான் குடித்தாள்.

அராரி போட்ட கூச்சலில் அக்கரைக் குரங்குகள் விழித்துக்கொண்டன. "குடிச்சுட்டா! பாத்தீங்களா, குடிச்சுட்டா! என் புள்ள இருக்கான்!" கிளைக்குக் கிளை தாவினாள், கொழுந்தன் தலையில் அலகால் கொத்தினாள், சிரித்தாள், அழுதாள். பிறகு தபராவிடம் ஓடி வந்தாள். "எங்க இருக்கான்? அடி கிடி பட்டுருச்சா? ஏன் வரலை?"

"இறக்கையில சின்னக் காயம் அக்கா," என்றாள் தபரா. தன் குரலே அவளுக்கு யாருடையதோ போல இருந்தது. "ஆறட்டும்னு இருக்கான். கொஞ்ச நாள்ல வந்துருவான்."

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய். நிதானமாகத் தனியாகக் கூப்பிட்டு நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தாள். நாளைக்கு என்று தள்ளிப்போட்ட உண்மை என்றைக்காவது ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறதா?

மறுநாள் காலை கூட்டம் கிளம்பியது. தூகா கடைசியாக ஒருமுறை வந்தான். "அண்ணி, அவன் மேட்டுக் காட்டுக்கே வந்துருவான். நீங்க வாங்க."

"அவனுக்கு அந்த வழி தெரியாதே, தம்பி. இந்த மரம் ஒண்ணுதான் அவனுக்குத் தெரியும். அவன் வந்ததும் ரெண்டு பேருமா வந்து சேந்துக்கறோம்."

தூகா தபராவைப் பார்த்தான். இலையடியில் ஒட்டிக்கொண்டிருந்த தபரா வாயைச் சுருட்டிக்கொண்டாள். இத்தனை பேர் முன்னால் என்னவென்று சொல்வது? கூட்டம் பறந்து மேகத்துக்குள் மறைந்தது. அன்று பிற்பகலே மழை இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு தபரா இலவமரத்துப் பக்கம் போகவில்லை. தள்ளி ஒரு ரப்பர் மரத்தில் ஒளிந்துகொண்டு, அங்கேயே முட்டையிடவும் இடம் பார்த்துக்கொண்டாள். மழை ஓயும்போதெல்லாம் அராரி பிள்ளையைக் கூப்பிடும் குரல் கேட்கும். முதல் வாரம் கணீரென்று கேட்டது. பிறகு தேய்ந்தது. ஒருநாள் காலையில் கேட்கவே இல்லை. தபரா இலவமரத்துக்குக் கிளம்பினாள். கொட்டுகிற மழையில் இறக்கைப் பொடியெல்லாம் கரைய, இலைக்கு இலை ஒண்டி ஒண்டிப் போய்ச் சேர்ந்தாள்.

அராரி பொந்து வாயில் உட்கார்ந்திருந்தாள். நெஞ்செலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பின்னால் பொந்துக்குள் காட்டுப்பனங்கொட்டைகள் குவிந்து கிடந்தன, ஒன்றுகூட உடைக்கப்படாமல்.

"சாப்பிடுங்க அக்கா!" என்று கத்தினாள் தபரா. "இவ்வளவு வச்சுக்கிட்டு ஏன் பட்டினி கிடக்கறீங்க?"

"அது அவனுக்கு. காயம் பட்ட உடம்பு, பசியோட வருவான்."

தபரா அவள் முன்னால் விழுந்தாள். "அக்கா, அவன் வரமாட்டான். கழுகு கொண்டுபோயிருச்சு. நான் போனப்பவே அவன் இல்லை. நான் பொய் சொல்லிட்டேன். சாப்பிட்டுட்டு மேட்டுக் காட்டுக்குப் போயிருங்க, இப்பவாவது போயிருங்க."

அராரி அவளைக் கோபமாகப் பார்க்கவில்லை. காய்ச்சலில் உளறுகிற தங்கையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"நீ வாய் நனைச்சியே," என்றாள்.

"தப்புப் பண்ணிட்டேன் அக்கா."

"நான் பாத்தேனே. ஊரே பாத்துச்சே. நனைச்சியா இல்லையா?"

"நனைச்சேன்."

"அப்ப வருவான்."

தபரா மன்றாடினாள். ஆமை சொன்னதைச் சொன்னாள், சேற்றில் கிடந்த இறகைச் சொன்னாள், கழுத்து மஞ்சளைச் சொன்னாள். எந்தச் சொல்லும் அந்த ஒரு மிடற்றைத் தாண்டி உள்ளே போகவில்லை. அராரி கண்ணை ஆற்றின் மேல்கரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இலவு காத்த கிளி என்று நம் ஊரில் ஏளனமாகச் சொல்வார்கள். இந்தக் கிளியை நினைத்தால் எனக்கு அந்தப் பழமொழி வாயில் வருவதில்லை. இரண்டு நாள் கழித்து, பார்த்த திசையைப் பார்த்தபடியே அவள் செத்துப்போனாள்.

தபராவை யாரும் தண்டிக்கவில்லை. தண்டிக்க அந்தக் காட்டில் யார் மிச்சம் இருந்தார்கள்? அவள் ரப்பர் மரத்துக்குத் திரும்பினாள். காற்றில் ஒடிந்த கிளையிலிருந்து பால் வடிந்துகொண்டிருந்தது. பொய்யாகக் குடித்த வாய், உண்மையைச் சொன்னபோது நம்ப ஆள் இல்லாத வாய், இனி எதற்கு? சுருளை முழுதாக நீட்டி அந்தப் பாலில் அமிழ்த்தினாள். எரிந்தது. எடுக்கவில்லை. பால் இறுகித் தோலாகும்வரை அப்படியே இருந்தாள். பிறகு பட்டையில் வைத்துத் தேய்த்தாள், தேய்த்த இடத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அதன்பின் ஏழு நாள் உயிரோடு இருந்தாள். அந்த ஏழு நாளில் முட்டையிட்டாள். முட்டையிலிருந்து வந்த புழுக்களுக்கு வாய் இருந்தது. புழு யாருக்கும் தூது போவதில்லையே. இலை இலையாகத் தின்று கொழுத்துக் கூடு கட்டின. கூட்டை உடைத்து இறக்கையோடு வெளியே வந்தபோது ஒன்றுக்கும் வாய் இல்லை.

இப்போது அந்தக் காட்டுக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வெள்ளைத்துணியும் விளக்கும் கட்டிக்கொண்டு போகிறார்கள். துணியில் வந்து உட்கார்ந்த பூச்சியைப் பிடித்து, இதுவரை யாரும் எழுதாத இனம் என்று சந்தோஷப்படுகிறார்கள். இறக்கையை அளக்கிறார்கள், உணர்கொம்பின் இழைகளை எண்ணுகிறார்கள், வாயில் நுழையாத பெயர் ஒன்று வைக்கிறார்கள். பூதக்கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'வாய் இல்லை, உணவு கொள்வதில்லை' என்று ஒரு வரி எழுதி முடிக்கிறார்கள். ஏன் என்று அதில் எழுதுவதில்லை. அன்று அந்த மரப்பாலில் ஒருத்தி வாயை அமிழ்த்தியது முதல்தான், அவள் வம்சத்தில் இறக்கை முளைத்த ஒவ்வொன்றும் ஒரு துளி குடிக்காமல், ஒரு சொல் சொல்லாமல், ஏழே நாள் பறந்துவிட்டுச் செத்துப்போகிறது.