தமிழைத் தின்ற ஆன்டிவைரஸ்

நாகஜோதி, நகராட்சி அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சர். ஆணையர் தன் மைத்துனர் கடையில் வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ், தமிழ் அடிக்கும் மென்பொருளையே வைரஸ் என்று அழித்துவிட்டது. அதனால் தமிழில் அடிக்க முடியவில்லை என்று அவள் சொன்னதை ஆணையர் நம்பவில்லை.

"சாக்குச் சொல்லாதே! அதே கம்ப்யூட்டர்ல தமிழ்ல விளக்கம் அடிச்சுக் கொடு. இல்லன்னா நாளைக்கு வராதே!"

நாகஜோதி வழக்கம்போலத் தமிழ் விசைகளைத் தட்டினாள். அச்சான தாளைக் கவுன்சிலர்கள் கூடியிருந்த மன்றத்திலேயே ஆணையரிடம் நீட்டினாள். தாள் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்.

"இது எந்த மொழி?"

"உங்க ஆன்டிவைரஸ் எனக்கு விட்டுவச்ச மொழி, சார்."

மன்றமே சிரித்தது. மைத்துனர் கடை விவகாரமும் வெளியே வந்தது.

மறுநாள் ஆன்டிவைரஸை எடுத்தார்கள், தமிழ் திரும்பியது. முதல் வேலையாக, நாகஜோதியின் பணிநீக்க உத்தரவை அவளையே அடிக்கச் சொன்னார் ஆணையர். ஒரு பிழைகூட இல்லாமல் அடித்துக் கொடுத்தாள்.